இடைசெவலில் ஒரு சேவல் கணக்கு

போன மாதம் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருந்தார். வீட்டில் நான்கு பெட்டைக்கோழிகள். தை மாதம் பொரித்த குஞ்சுகளில் 30 தேறியிருக்கின்றன. அதில் 17 சேவல். விடியும் முன்பே கூவித் தெருவை எழுப்புகின்றன, ஒன்றையொன்று கொத்துகின்றன, தீனி போட்டு மாளவில்லை, விற்றுவிடலாம் என்றால் வீட்டில் தீபாவளி வரைக்கும் பொறுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். கேள்வி-பதில் பக்கத்துக்கு நாலு வரியில் எழுத உட்கார்ந்தேன். அடங்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு கல்யாணம் இருந்தது. அதை முடித்துக்கொண்டு, சேவலுக்கென்றே தனி நோட்டு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்க இடைசெவலுக்குப் பேருந்து ஏறினேன்.

திருநெல்வேலி வண்டிகள் எல்லாமே அங்கே நிற்காது. நடத்துநரிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும். நாலாட்டின்புத்தூரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல். ஆவணி மாதத்தில் அதைப் பார்க்க வேண்டும். உழுது போட்ட காடு கட்டி கட்டியாகக் கறுத்துக் கிடக்கிறது. பச்சை என்று சொல்ல சாலையோர வேம்பும் வேலிக்கருவையும்தான். ஓரிடத்தில் செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். தெற்கே கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு, புரட்டாசி விதைப்புக்குக் காத்திருக்கும் நேரம்.

இந்த ஊரைப் பலரும் இரண்டு எழுத்தாளர்களை வைத்து அறிவார்கள். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இங்கே பிறந்த சிறுவயதுத் தோழர்கள். ஒருவருக்கு 1970-லும் இன்னொருவருக்கு 1991-லும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. கி.ரா. காடு வைத்து விவசாயம் செய்தவர். கரிசல்காட்டுப் பேச்சுக்குத் தனி அகராதியே தொகுத்தார். ஊர்ப்பெயரில் இருப்பது சேவல் இல்லை, செவல். சிவந்த நிலத்தைச் சொல்லும் சொல். இருந்தாலும் சேவலைத் தேடி இடைசெவலுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பு வண்டி ஏறும் வரைக்கும் நிற்கவில்லை.

நான் போன வீடு ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நான்கு ஏக்கர் மானாவாரி. உளுந்து, மக்காச்சோளம், கொஞ்சம் கம்பு. வீட்டுக்காரர் காட்டைப் பார்த்துக்கொள்கிறார். கோழிகள் முழுக்க அந்த அக்காவின் பொறுப்பு. முட்டைக்காசும் கோழிக்காசும் அவர் கையில்தான். வீட்டில் யாரும் அதில் கணக்குக் கேட்பதில்லை. கரிசல்காட்டில் பல வீடுகளில் இதுதான் நடைமுறை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது அங்கே ஆறு பெட்டைகள், ஒரு சேவல். எல்லாம் சிறுவிடை ரகம். அந்தச் சேவலும் அவர்கள் வீட்டில் பொரித்தது இல்லை. நாலாட்டின்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து மாற்றி வாங்கியது. அண்ணன் தங்கையைச் சேரவிட்டால் வர வர முட்டை பொரிக்காது, குஞ்சும் சவலையாகும் என்பது அக்காவின் காரணம். அது சரியான காரணமே. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அப்படியானால் மற்ற சேவல்கள் எல்லாம் கறிக்குத்தான். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் குறையும், ஒரு வருஷம் விளாத்திகுளம் சகோதரிக்கு வந்ததுபோல் கூடும். அது நம் கையில் இல்லை.

“முந்தியெல்லாம் சேவல் தானா வளரும், வேணுங்கிறப்ப பிடிச்சு அறுப்போம்னுதான் அண்ணாச்சி இருந்தேன். அந்த வருஷத்துக்கு அப்புறந்தான் நோட்டுப் போட்டது” என்றார் அக்கா.

அந்த வருஷம் என்று அவர் சொன்னது இரண்டு வருஷங்களுக்கு முன்னால். பெட்டைகள் தாமதமாக அடைக்கு உட்கார்ந்தன. குஞ்சு பொரித்தது பங்குனியில். மாசி மாதத்தை ஒட்டிக் கால்நடைத்துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் அதற்குள் முடிந்துவிட்டது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சேவல்கள் 11. ஆடியில் அவற்றுக்கு நான்கு மாதம்கூட நிரம்பவில்லை, கறிக்குத் தேறாது. ஆவணிக் கடைசியில் எடை கூடியது. வியாபாரி வந்து கேட்டார். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் அடுத்த தவணை கட்ட வேண்டியது ஐப்பசியில். தீபாவளி விலைக்குக் கொடுத்தால் தவணை முழுக்கச் சேவலிலேயே கட்டிவிடலாம் என்று மாமியார் சொல்ல, இவரும் சரி என்றார்.

புரட்டாசி பிறந்ததும் கரிசல்காட்டில் கோழியை அடைக்க வேண்டும். விதைத்த காட்டில் கோழி இறங்கினால் சண்டை வரும் என்பது பழைய காரணம். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோள விதைக்கு மருந்து நேர்த்தி செய்வது கட்டாயம்போல் ஆகிவிட்டது. சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏறிய அந்த விதையைச் சீய்த்துத் தின்கிற கோழி பிழைப்பது சந்தேகம். ஆகவே 11 சேவல்களையும் ஒரே கொட்டகையில் அடைத்தார்கள். அந்த வாரமே சந்தையில் ஒரு அடைக்கோழி வாங்கி வந்து அதே கொட்டகையில் விட்டார்கள்.

ஐந்தாம் நாள் முதல் சேவல் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். மறுநாள் இரண்டுக்குக் கழுத்து திருகியது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு என்று அரைத்து உருட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் 9 சேவலும் 4 பெட்டையும் போயின. தவணைப் பணத்தை மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினார். “செத்த கோழியக்கூட ஓடையில போடாம குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைச்சேன். நம்ம வீட்டுது அடுத்த வீட்டுக்குப் போயிறக் கூடாதுல்ல” என்றார். இதை அவர் சொல்லும்போது மாமியார் திண்ணையில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மூலிகை மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சளிக்கும் செரிமானக் கோளாறுக்கும் பல வீடுகளில் கைகொடுக்கிறது. ஆனால் கழிச்சல் கொட்டகைக்குள் வந்த பிறகு எதை அரைத்துக் கொடுத்தாலும் அது தாமதம்தான். அது வைரஸ் நோய். நோய் வந்த கோழியைக் குணமாக்க ஆங்கில மருந்தும் கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து. பிப்ரவரி முகாம் வரட்டும் என்று இருந்தால், தையில் பொரித்த குஞ்சுக்கு எட்டாம் வார ஊசி முகாமில் கிடைக்காது. அப்போது அது இரண்டு வாரக் குஞ்சாகத்தான் இருக்கும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. தடுப்பு மருந்து பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியாக வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கொண்டுபோனால் பலன் இல்லை. பத்துக் கோழியோடு ஒருவர் போய் நின்றால் குப்பியை உடைக்க மருந்தகத்தில் தயங்குவார்கள். அது நியாயமும்கூட. அக்கா இப்போது தெருவில் ஏழு வீடுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் பத்து நாள் முன்பின்னாகத்தான் வயது இருக்கும். முந்தின இரவு கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறார்கள். காலை ஏழு மணிக்குள் தெரு முழுக்கப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த வருஷம் அந்தத் தெருவில் கழிச்சல் வரவில்லை.

இனி அந்த நோட்டு. மகள் படித்து முடித்த பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம். ஒவ்வொரு சேவலுக்கும் காலில் கலர் நூல். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொங்கு தராசில் சாக்குப்பையில் போட்டு நிறுத்து எழுதுகிறார். ‘செவலை, சிவப்பு நூல்’ என்ற வரியை அப்படியே குறித்துக்கொண்டேன். 12 வாரத்தில் 480 கிராம். 16 வாரத்தில் 790. 20 வாரத்தில் 1,150. 24 வாரத்தில் 1,450. 28 வாரத்தில் 1,580.

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். அதுவரை மாதம் 300 கிராமுக்குக் குறையாமல் ஏறியது கடைசி மாதத்தில் 130 கிராம்தான் ஏறியிருக்கிறது. கூவத் தொடங்கி, பெட்டையை விரட்டி, அடுத்த சேவலோடு மோதும் வயது அது. தின்பது கறியாகாமல் அலைச்சலில் போய்விடுகிறது. கறியும் அதற்குப் பிறகு நாளுக்கு நாள் இறுகும். ஒரு வயசுச் சேவலைக் குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் பல்லுக்கு வேலை என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும். சிறுவிடைச் சேவலுக்கு ஐந்து மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நல்ல பருவம். பெருவிடை உடம்பு கட்ட இன்னும் நாளாகும். அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இப்போது தீபாவளிக் கேள்விக்கு வருவோம். திண்ணையிலேயே உட்கார்ந்து அக்காவும் நானும் போட்ட கணக்கு இது. விலையை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பத்துச் சேவல், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ, உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் ஆவணியில் 6,000 ரூபாய். இரண்டு மாதம் அடைத்து வைக்கிறோம். ஒரு சேவல் நாளுக்கு 100 கிராம் தானியம் தின்றாலும் 60 நாளில் பத்துக்கும் சேர்த்து 60 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றால் 1,500. சேவலுக்கு 250 கிராம் ஏறி, விலையும் கிலோவுக்கு 50 ரூபாய் கூடினால், 17.5 கிலோவுக்கு 7,875 ரூபாய். கூடுதலாக வந்தது 1,875. தீனி போக மிச்சம் 375.

ஒரே ஒரு சேவல் செத்தால் 787 ரூபாய் போச்சு.

“இந்த முந்நூத்திச் சொச்சத்துக்கா நான் அன்னைக்கு அம்புட்டையும் தொலைச்சேன்” என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீபாவளிக்கு வைக்கவே கூடாதா என்றால், வைக்கலாம். மழைக்காலத்தில் திறந்து மேயவிட இடம் இருந்து, ஊசி எல்லாம் முறைப்படி போட்டு, கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகத் தரும் வாடிக்கை வீடுகளும் இருந்தால் கணக்கு வேறு. செம்மண் பக்கம் அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். கரிசலில் மழை இறங்கிவிட்டால் கோழி நடக்கவே முடியாது. சேறு விரலில் உருண்டையாகக் கட்டிக் காய்ந்துவிடும். உருண்டையை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், பிய்த்தால் நகத்தோடு வரும். கோடையிலோ நிலம் பிளந்து, அந்த வெடிப்பில் சின்னக் குஞ்சு விழுந்து கத்துவது வீட்டுக்குக் கேட்காது. தையில் பொரித்த குஞ்சு மட்டும் இரண்டுக்கும் தப்புகிறது. களத்தில் சிந்திய உளுந்தும் கம்பும் பொறுக்கி வளர்ந்து, வெடிப்புக் காலத்துக்குள் காலூன்றி, ஆடியில் கறிக்குத் தயாராகி, விதைப்புக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. அதனால் அக்கா மார்கழியில் முட்டையைச் சேர்த்து அடைக்கு வைக்கிறார். பங்குனியில் அடைக்கு உட்காரும் கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கித் தெளியவைத்து மறுபடி முட்டைக்கு விடுகிறார்.

சேவல் எது, பெட்டை எது என்று எட்டாம் வாரத்தில் தெரிந்துவிடும். கொண்டை சிவக்கும், கால் தடிக்கும், முதுகின் கடைசியில் கூர்மையான இறகு வரும். 14-ஆம் வாரத்தில் சேவல்களை எல்லாம் பிரித்துத் தனிக் கொட்டகையில் விடுகிறார். பெட்டை கண்ணில் படாத இடம். பெட்டை இல்லாவிட்டால் சேவல்கள் பெரும்பாலும் அடித்துக்கொள்வதில்லை. ஒன்றாகவே வளர்ந்தவை தங்களுக்குள் யார் பெரியவன் என்று முன்பே தீர்த்துக்கொண்டிருக்கும். ஒன்றை வெளியே எடுத்து இரண்டு நாள் கழித்துத் திரும்ப விட்டால்தான் ரத்தக்களரி. உட்காரக் குறுக்குக் கம்புகள் கட்டி, தரையில் மணலும் சாம்பலும் போட்டிருக்கிறார். கருக்கலில் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் மேய்ச்சல். அப்புறம் பெட்டைகளின் முறை.

தீனியில் அதிசயம் ஒன்றுமில்லை. உடைத்த மக்காச்சோளமும் கம்பும் பாதிக்கு மேல். தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கொஞ்சம் கிளிஞ்சல். கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி பக்கத்தில் இருப்பதால் கழிவுக் கடலை மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டேன். பூசணம் பிடித்த கடலையைப் போட்டுக் கெட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறாராம், வேண்டாம் என்றார். கடலையில் பூசண நச்சு ஏறினால் ஈரல் போய்விடும், அவர் சொன்னது சரி. பானையில் சாணமும் கந்தல் சாக்கும் வைத்துக் கரையான் பிடிப்பதுண்டா என்றதற்கு, வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் செவக்காட்டுத் துண்டில் கவிழ்த்தால் ஒரே ராத்திரியில் மொய்க்கும், கரிசலில் வைத்தால் நாலு நாளானாலும் பானைதான் மிஞ்சும் என்றார்.

காளைக்கு விதையடிப்பதுபோல் சேவலுக்கும் அடித்தால் சண்டையும் இருக்காது, கொழுக்கவும் செய்யுமே என்று நம் வாசகர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் சீனாவிலும் அப்படி வளர்ப்பது பழைய வழக்கம். ஆனால் சேவலுக்கு விதை உடம்புக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலாவை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய். வீட்டில் முயற்சி செய்யும் காரியமில்லை. ஐந்தரை மாதத்தில் விற்கப்போகும் சேவலுக்கு அது தேவையும் இல்லை.

வேண்டாத சேவல் என்பது நம் கொல்லைப்புறத்துப் பிரச்சினை மட்டுமில்லை. முட்டைக்கோழி ரகத்தில் பொரிக்கும் சேவல்குஞ்சு முட்டையிடாது, கறியும் வைக்காது என்று உலகம் முழுக்க முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அங்கே சில பண்ணைகள் அந்தச் சேவல்களையும் வளர்த்து, அதற்கான செலவை முட்டை விலையில் கொஞ்சம் ஏற்றி வாங்குகின்றன. நம் ஊர்த் தெருவில் கூடையில் வரும் கலர்க் குஞ்சுகளும் பெரும்பாலும் அப்படிக் கழிந்த சேவல்களே. பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அதை வாங்கி நாட்டுக்குஞ்சோடு விடாதீர்கள். என்ன நோயோடு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. நம் சிறுவிடைச் சேவல் மெதுவாக வளர்ந்தாலும் அதன் கறிக்குக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. அந்த விதத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

விற்பதில் அக்காவுக்கு ஒரே பிடிவாதம், எடை. மொபெட்டில் கூண்டு கட்டி வரும் வியாபாரிகள் சேவலைத் தூக்கிப் பார்த்து, ஒண்ணேகால் இருக்கும் என்பார்கள். தராசு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. ஆடிக் கொடைக்கு நேர்ந்துகொண்டவர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நிறம்தான் முக்கியம், கறுப்புச் சேவலுக்குக் கேட்ட விலை. மிஞ்சியதைச் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோகிறார் வீட்டுக்காரர். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாமல் மூங்கில் கூடையில் வைத்து. மருந்து ஏதாவது கொடுத்திருந்தால் டாக்டர் சொன்ன நாள் கழியும் வரை எந்தச் சேவலும் கொட்டகையைவிட்டுப் போகாது, கொடைக்கே ஆனாலும்.

இந்த வருஷம் 13 சேவல். 9 ஆடியிலேயே போய்விட்டது. நான் போன அன்று 4 நின்றன. அதில் இரண்டுக்கு மறுநாள் ஆள் வருகிறது. ஒன்று மகள் வரும்போது அறுக்க. விளாத்திகுளம் சகோதரிக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்கள் சேவல்களுக்கு இப்போது ஏழு மாதம். ஒன்றிரண்டு வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை விதைப்புக்கு முன்னால் நிறுத்துக் கொடுத்துவிடுங்கள். தீபாவளி என்று சொல்லும் பெரியவர்களிடம் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள்.

கிளம்பும்போது கொட்டகையில் நான்காவது சேவல் யாருக்கு என்று கேட்டேன். கறுப்பும் பொன்னுமாக வால் வளைந்து நல்ல அழகு. அக்கா பதில் சொல்லாமல் திண்ணையைப் பார்த்தார். மாமியார் சுளகைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

“அது கெடக்கட்டும் தம்பி. தீவாளிக்கு ஒண்ணாவது வேண்டாமா?”